பாக்கு விரிகுடாவும் வட இலங்கைக் கடற்றொழிலும்

நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டிலே பிறந்தவராயினும் நாம் கடலைப்பற்றிச் சிந்திப்பது குறைவு. நெல்லையும் புகையிலையையும் வெங்காயத்தையும் பற்றி விரிவாகப் பேசவல்ல நமது கற்றோர், கரையிலே வந்திறங்கும் மீன் யாருடைய உழைப்பால், எத்தகைய இடர்களைக் கடந்து வருகின்றது என்பதனை ஆராய்ந்தறிய முற்படுவதில்லை. நம்மிற் பலர் மரக்கறி உணவினராக இருக்கலாம். ஆயினும், வட மாகாணத்தின் பொருளாதாரத்திலே வேளாண்மைக்கு அடுத்த தூண் கடற்றொழிலே என்பது மறுக்கவொண்ணா உண்மை. அத்தூண் இன்று எந்நிலையில் உளது என்பதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் வற்றாத செல்வம் என்னும் எண்ணம் மக்களிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. பாமரர் மாத்திரமன்றி அறிஞரும் அவ்வாறே கருதினர். 1883ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் நடைபெற்ற மீன்பிடிக் கண்காட்சியிலே பேசிய தோமஸ் ஹக்ஸ்லி என்னும் புகழ்பெற்ற விஞ்ஞானி, பெருங்கடல் மீன்வளங்கள் மனிதனாற் தீர்க்கப்படக் கூடியவை அல்ல எனக் கூறினார். பாய்க்கப்பலும் பருத்தி வலையும் இருந்த காலத்துக்கு அக்கூற்று ஓரளவு பொருந்தியிருக்கலாம். இன்றோ நிலைமை வேறு. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் ஆராய்ந்த மீன் இருப்புகளுள், 1974ஆம் ஆண்டிலே அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டவை நூற்றுக்குப் பத்தளவினவாக இருந்தன. 2021ஆம் ஆண்டிலே அவை நூற்றுக்கு 37.7 ஆயின.

இதன் உட்பொருளை வணிகர் எளிதில் உணர்வர். கடலிலுள்ள மீன் இருப்பு முதல் எனின், ஆண்டுதோறும் அது பெருகும் பெருக்கம் வட்டியாகும். வட்டியை மாத்திரம் எடுத்துண்பவனுக்கு முதல் என்றும் குறைவதில்லை. வட்டியுடன் முதலிலும் கைவைப்பவன் முதலிரண்டு ஆண்டுகள் செல்வனாய்த் தோன்றுவான். பின்னர் முதலும் வட்டியும் ஒருங்கே அழிந்து வறியனாவான். மீன்பிடிக் கைத்தொழிலின் பிரச்சினைகள் யாவும் இவ்வொரு கணக்கிலே அடங்கும் எனினும் மிகையாகாது. பாக்கு விரிகுடாவின் வரலாறு இக்கணக்குக்கு ஏற்ற சான்றாகும்.

விரிகுடாவின் இயல்பு

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே, பாக்கு நீரிணைக்கும் இராமர் அணைக்கும் நடுவே அமைந்த இவ்விரிகுடா மிகவும் ஆழங்குறைந்தது. அதன் பெரும்பாகம் 15 மீற்றருக்கு மேற்படாத ஆழமுடையது. ஆழங்குறைந்தமையாற் சூரிய ஒளி அடித்தளம்வரை ஊடுருவுகின்றது. அவ்வொளியால் எமது மீனவர் சாதாளை எனப் பொதுவாகக் கூறும் கடற்புற்கள் அங்கே செழித்து வளர்கின்றன. இப்புற்றரைகளே இறாலுக்கும் நண்டுக்கும் ஓராவுக்கும் குஞ்சு வளர்க்கும் தொட்டில்களாக உள்ளன. அருகிவரும் கடற்பசுவும் இப்புல்லையே உண்டு வாழ்வது. அதனைக் காக்கும்பொருட்டுத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2022ஆம் ஆண்டிலே தன் கரையோரம் 448 சதுரக் கிலோமீற்றர்ப் பரப்பைக் காப்பிடமாகப் பிரகடனஞ் செய்தது.

இவ்வியல்புக்கு ஏற்பவே எம்முன்னோர் தொழில்முறைகளை வகுத்திருந்தனர். ஆழங்குறைந்த களப்பிலே களங்கண்டி நாட்டினர்; மணற்கரையிலே கரைவலை வளைத்தனர்; சற்று அப்பாலே விடுவலை விடுத்தனர்; பாறைத் தளங்களிலே தூண்டில் இட்டனர். வாடைக்காற்று வீசும் காலத்துக்கு ஒரு கரை, சோளகம் பெயரும் காலத்துக்கு மறு கரை எனத் தொழிலிடம் மாற்றினர். எந்த வலையை எங்கே, எப்பொழுது இடலாம், யாருக்கு முந்துரிமை என்பனவற்றை ஊர் வழக்கே தீர்மானித்தது. இவ்வழக்காறுகள் நீதிநூல்களில் எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் சட்டத்துக்குரிய வலிமை அவற்றுக்கு இருந்தது.

இழுவை மடி வந்த வரலாறு

1952ஆம் ஆண்டிலே இந்தியா, நோர்வே, ஐக்கிய நாடுகள் ஆகிய முத்திறத்தாரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். கேரளக் கரையிலுள்ள நீண்டகரை முதலிய ஊர்களின் மீனவரது வாழ்க்கையை உயர்த்துவதே அதன் நோக்கம். உள்ளூர் மக்களுக்கு உணவு மீன் பெருக்குவதற்கெனத் தொடங்கிய அத்திட்டம், இறாலுக்கு யப்பானிலும் அமெரிக்காவிலும் நல்ல விலை கிடைத்ததும் திசைமாறிற்று. இழுவை மடியினால் இறால் பிடிக்கும் தொழில் 1960ஆம் ஆண்டுகளிலே வேகமாகப் பரவி, அரசாங்க மானியங்களின் துணையுடன் தமிழ்நாட்டுக் கரைக்கும் வந்தது.

இழுவை மடி தொழிற்படும் முறையை ஈண்டு விளக்குதல் தகும். அது பை வடிவான பெருவலை. அதன் வாயை இருபுறமும் விரித்துப் பிடிப்பதற்கு இரு பாரமான பலகைகள் உண்டு. வாயின் கீழ்விளிம்பிலே பாரங்கட்டிய கயிறு நிலத்தை உராய்ந்துகொண்டு செல்லும். இயந்திரப் படகு பல மணிநேரம் இதனை இழுத்துச் செல்லும்பொழுது, தளத்திலே மறைந்துகிடக்கும் இறால் கிளம்பிப் பைக்குள் வீழும். ஆயின், இறால் மாத்திரமோ வீழ்கின்றது? மீன்குஞ்சு, நண்டுக்குஞ்சு, சங்கு, சாதாளை யாவும் கூடவே வாரப்படுகின்றன. விலைபோகாத சிறுமீன் கழிவெனக் குவிக்கப்பட்டுக் கோழித்தீனுக்கும் மீன்தூளுக்கும் செல்கின்றது. ஒரு முறை உழப்பட்ட வயல் விளைவு தரும். திரும்பத் திரும்ப உழப்படும் கடற்றளமோ தரிசாகும். எமது யாழ்ப்பாணத்து மீனவர் இப்படகுகளை ‘றோலர்’ என வழங்குவர். உருட்டித் துடைத்துச் செல்லும் பொறி எனும் பொருள் அப்பெயரிலே தானாகவே வந்தமைந்து விட்டது.

தமிழ்நாட்டிலும் இதனை எல்லாரும் வரவேற்றனர் என எண்ணுதல் தவறு. கட்டுமரத்தாரும் வள்ளத்தாரும் அங்கும் எதிர்த்தனர், மோதல்கள் நிகழ்ந்தன. அதன் பயனாக 1983ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்காற்றுச் சட்டம் இயற்றப்பட்டுக் கரையிலிருந்து 3 கடல்மைல் தூரம் சிறுதொழிலாளருக்கென ஒதுக்கப்பட்டது.

இலங்கைக் கரையின் வளர்ச்சி வேறு வழியிற் சென்றது. 1958ஆம் ஆண்டளவிலே மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளும், அடுத்து நைலோன் வலைகளும் வெளியிணைப்பு இயந்திரங்களும் இங்கே பரவின. 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே நோர்வே மக்களின் உதவியுடன் காரைநகரிற் படகு கட்டும் தளம் அமைந்தது. ஒரே நோர்வே நாட்டின் உதவி, அக்கரையில் இழுவை மடிக்கும் இக்கரையிற் சிறுபடகுத் தொழிலுக்கும் வித்திட்டமை வரலாற்றின் விந்தை. விளைவு யாதெனில், ஒரே நீர்ப்பரப்பின் ஒரு பக்கத்திலே கனத்த இழுவைப் படகுகளும், மறு பக்கத்திலே விடுவலைச் சிறுபடகுகளும் பெருகின. இவ்விரு முறைகளும் ஒரே இடத்தில் ஒருங்கு நிலவ இயலாதவை. இரவு முழுவதும் நீரில் மிதக்கும் விடுவலையின் ஊடே ஒரு றோலர் கடந்து சென்றால், பல இலட்சம் ரூபா பெறுமதியான வலை நொடியில் அறுந்துபோம். அவ்வலை பெரும்பாலும் கடனாக வாங்கப்பட்டது. வலை போயினும் கடன் போவதில்லை.

எல்லையும் போரும்

1974ஆம் ஆண்டிலே இலங்கையும் இந்தியாவும் பாக்கு விரிகுடாவில் எல்லைக்கோடு வகுத்தன. கச்சதீவு இலங்கையின் பக்கத்தில் அமைந்தது. 1976ஆம் ஆண்டிலே மன்னார்க் குடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுக்கப்பட்டதுடன், ஒரு நாட்டின் மீனவர் மறு நாட்டின் நீரிலே தொழில் செய்தல் ஆகாது என்பதும் கடிதங்கள் மூலம் உறுதிப்படுத்தப்பட்டது. குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வளம்மிக்க வெட்ஜ் கடல்மேடையில் இலங்கைக் கப்பல்கள் நெடுங்காலம் தொழில் செய்துவந்தன. 1976ஆம் ஆண்டு இணக்கப்படி, ஆறு கப்பல்களுக்கு மூன்றாண்டு அவகாசம் அளிக்கப்பட்டு, அதன்பின் அவ்வுரிமை முடிவுற்றது. கச்சதீவைப் பற்றி உரத்துப் பேசுவோர் இவ்வுண்மையையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். விட்டுக்கொடுத்தல் இரு பக்கத்திலும் நிகழ்ந்ததே.

1983ஆம் ஆண்டின் பின் மூண்ட போர் வட கடலை வெறுமையாக்கிற்று. கடல்வலயத் தடைகளும், இரவுத் தொழில் மறுப்பும், இயந்திர வலுக் கட்டுப்பாடும் எமது மீனவரைக் கரையிலே கட்டிப்போட்டன. தீவின் புகழ்பெற்ற துறைகளுள் ஒன்றாக விளங்கிய மயிலிட்டித் துறை, 1990ஆம் ஆண்டிலே மக்கள் பெயர்ந்தபின், 2017ஆம் ஆண்டு வரை அவர்களுக்கு எட்டாததாயிற்று. இடையிலே 2004ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆழிப்பேரலையும் வந்து முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்குக் கரைகளை அழித்தது. இக்காலத்திலே, ஆளில்லாத கடலிலே அக்கரை இழுவைப் படகுகள் தடையின்றித் தொழில் செய்து பழகின. தன் பங்கு நீர் தாங்கக்கூடிய அளவுக்கு மேலாக அங்கே படகுகள் பெருகின. பாக்கு விரிகுடா மாவட்டங்களிலே அவை 2,000க்கு மேற்பட்டன. 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிந்து எமது மீனவர் கடலுக்கு மீண்டபொழுது, தம் கடலிலே பிறர் உழுதுகொண்டிருப்பதைக் கண்டனர். இற்றைப் பிணக்கின் வேர் இதுவேயாகும்.

ஏன் வருகின்றனர்?

இக்கேள்விக்குப் ‘பேராசை’ என ஒரு சொல்லில் விடை கூறுதல் எளிது. ஆனால் அது முழு விடையாகாது. 1954ஆம் ஆண்டிலே ஸ்கொட் கோர்டன் என்னும் கனடா தேசத்துப் பொருளியலறிஞர் மீன்பிடித் தொழிலைப் பற்றி ஒரு கருத்தை நிறுவினார். யாவருக்கும் திறந்துகிடக்கும் கடலிலே இலாபம் இருக்கும்வரை புதிய படகுகள் வந்துகொண்டே இருக்கும். இலாபம் முற்றாகக் கரையும்வரை அது நிற்காது. ஒருவன் இன்று பிடியாது விட்ட மீனை நாளை மற்றவன் பிடிப்பான் ஆதலாற் பொறுத்திருப்பவனே இழப்பவன் ஆவான் என்பது அக்கருத்தின் சாரம்.

இராமேசுவரத்துப் படகுடையவரின் நிலை இதற்கு உதாரணமாகும். அவரது கரைக்கும் எல்லைக்கோட்டுக்கும் இடையே உள்ளது ஒடுங்கிய நீர்ப்பட்டை. அதில் முதல் 3 கடல்மைல் சட்டப்படி அவருக்கு உரியதன்று. எஞ்சிய இடமோ பல்லாண்டு இழுவையாற் களைத்துப்போனது. டீசற் செலவும் கடன் வட்டியும் நாள்தோறும் ஏறுகின்றன. எல்லை தாண்டினாலன்றிச் செலவுக்கும் கட்டாது என்னும் நிலைக்கு அவர் வந்து பலகாலமாயிற்று. தங்களுக்குள் உள்ள பிணக்கைத் தவிர்க்க, அங்கே இழுவைப் படகுகள் கிழமையில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்கள் கடலுக்குச் செல்வது வழக்கம். அந்நாள்களிலே எமது சிறுபடகினர் வலைக்கு அஞ்சிக் கரையில் இருந்துவிடுதலும் வழக்கமாயிற்று. அக்கரையின் தொழில்நாள் இக்கரையின் பட்டினிநாள் ஆயிற்று. ஏப்பிரல் 15 முதல் யூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்திலே, இழுவைப் படகுகள் அங்கே கட்டப்பட்டிருக்கும்பொழுது எமது மீனவர் சற்று மூச்சுவிடுகின்றனர்.

கைதாவோர் யாவர் என்பதனையும் நோக்குதல் வேண்டும். படகின் சொந்தக்காரர் கரையிலே இருப்பார். சிறைக்குச் செல்வோர் பங்குக்கும் கூலிக்கும் தொழில் செய்யும் ஏழைகள். கடலிலே உயிரிழந்தோரும் அவர்களே. இக்கரையில் வலையிழப்போரும் ஏழைகளே. இருவரும் ஒரே மொழி பேசுவோர். ஒரே அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குக் கச்சதீவில் ஒன்றுகூடுவோர். வடபுலத்து மீனவர் பல்லாண்டாய் வெளிப்படக் குரல் எழுப்பத் தயங்கியமைக்கு இவ்வுறவே ஒரு காரணம். போர்க்காலத்திலே தம்மை அகதிகளாக ஏற்றுக்கொண்ட கரையை எதிர்த்துப் பேச யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் நன்றியுணர்வு வேறு, வாழ்வுரிமை வேறு. முன்னையதைக் காட்டிப் பின்னையதை மறுத்தல் நீதியன்று.

பேச்சுகளும் சட்டங்களும்

2010ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திலே இரு கரை மீனவரின் பிரதிநிதிகளும் தமிழ்நாட்டிற் கூடி, ஓராண்டுக்குள் இழுவை மடியை நிறுத்துவதென இணங்கினர். அவ்விணக்கம் செயலுக்கு வரவில்லை. 2016ஆம் ஆண்டு நவம்பரிலே இரு அரசாங்கங்களும் கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைத்தன. 2017ஆம் ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் அடித்தள இழுவை மடித் தொழிலைச் சட்டத்தினால் தடைசெய்தது. 2018ஆம் ஆண்டிலே பிறநாட்டுப் படகுகளுக்குரிய தண்டப்பணம் பெரிதும் உயர்த்தப்பட்டது. அதே 2017ஆம் ஆண்டிலே இந்திய அரசாங்கம் இழுவைப் படகுகளை நீக்கி, ஆழ்கடலிற் சூரை மீன் பிடிக்கும் படகுகளை வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று.

நோக்கம் நன்று, ஆனால் இலக்கிற் சிறு பகுதியே நிறைவேறியது. காரணங்கள் தெளிவானவை. புதிய படகின் விலை 80 இலட்சம் இந்திய ரூபா எனக் கணிக்கப்பட்டது. மானியம் போகச் சொந்தக்காரர் தமது பணமும் வங்கிக் கடனும் சேர்த்துப் பெருந்தொகை இடல்வேண்டும். ஓரிரவு சென்று மீள்வதற்குப் பழகியவர் வாரக்கணக்கிலே ஆழ்கடலில் தங்கல்வேண்டும். நிலத்தை உராயும் மடியைப் பிடித்த கைகளுக்கு நெடுந்தூண்டிற் கயிற்றின் நுட்பம் புதிது. பாக்கு விரிகுடாத் துறைகள் ஆழ்கடலுக்கு அண்மையிலும் இல்லை. தொழிலை மாற்று எனச் சொல்வது இலகு. மாறுவோனுக்குப் பயிற்சியும் துறையும் சந்தையும் ஒருங்கே அமைத்துக் கொடுப்பதே அரிது.

எமது பக்கத்துக் குறைகள்

பிறர் குறையை மாத்திரம் எடுத்துரைத்து எமது குறையை மறைத்தல் கற்றோர்க்கு அழகன்று. இழுவை மடி குருநகர், பேசாலை முதலிய எமது துறைகளிலும் இருந்தது. வெடிவைத்து மீன் பிடித்தல், சுருக்குவலை, தங்கூசி வலை, ஒளிபாய்ச்சிப் பிடித்தல் ஆகிய தடைசெய்யப்பட்ட முறைகள் எமது கரையிலும் தலைகாட்டுகின்றன. அந்நியரை நோக்கிச் சட்டத்தைக் காட்டுவோர் உள்வீட்டிலும் அச்சட்டத்தைப் பேணல் வேண்டும்.

சட்டம் பேணாமையின் விலையை இத்தீவு ஒருமுறை செலுத்தியுமுள்ளது. ஆழ்கடலிலே தன் கப்பல்களைக் கண்காணிக்கத் தவறியமைக்காக, ஐரோப்பிய ஒன்றியம் 2015ஆம் ஆண்டு சனவரி முதல் இலங்கை மீனுக்குத் தடைவிதித்தது. கண்காணிப்புக் கருவிகள் பொருத்தி ஒழுங்குகள் செய்தபின்னரே, 2016ஆம் ஆண்டு யூனில் அத்தடை நீங்கிற்று. கடல்வளக் காப்பு என்பது அறம் மாத்திரமன்று, வாணிகமும் ஆகும் என்பதை இது புலப்படுத்தும்.

எரிபொருள் மற்றொரு சுமை. சிறுபடகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் இயங்குவன. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே முதலில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை; பின்னர் ஆகத்து மாதத்திலே அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. மீன் விலையை நிர்ணயிப்பவர் மீனவர் அல்லர். வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுத்த வியாபாரிக்கே, அவர் கூறும் விலைக்கு, மீனைக் கொடுத்தல் வேண்டும். பனிக்கட்டியும் குளிர்ச்சாலையும் போதாத துறையிலே மீனைப் பிடித்துவைத்து நல்விலை பார்த்தல் இயலாது. இந்நிலையில் மீனவரின் பிள்ளைகள் கடலை விட்டு வெளிநாடு செல்ல விழைவதில் வியப்பில்லை.

பரிகாரம்

கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையிலே நிகழ்ந்தது உலகுக்கோர் எச்சரிக்கை. பன்னூறாண்டாக ஐரோப்பாவுக்கு உணவூட்டிய அக்கடலின் கொட் மீன், பெரும் இழுவைக் கப்பல்கள் வந்தபின் 1968ஆம் ஆண்டிலே 8 இலட்சம் தொன்னுக்கு மேலாகப் பிடிக்கப்பட்டது. அது முதலையே தின்ற ஆண்டு. 1992ஆம் ஆண்டு யூலையிலே தொழில் முற்றாக நிறுத்தப்பட்டு 30,000 பேர்வரை வேலையிழந்தனர். வாணிகப் பிடிப்பு மீளத் திறக்கப்படுவதற்கு 2024ஆம் ஆண்டு வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆராய்ச்சிக்கூடங்களும் செல்வமும் நிறைந்த நாட்டுக்கே இக்கதி நேர்ந்ததாயின், எமது சிறு விரிகுடா எத்துணைக் காலம் தாங்கும்?

செய்யத்தக்கன சில உள. முதலாவது, விரிகுடாவிலே எவ்வளவு மீன் உளது, எவ்வளவு பிடிக்கலாம் என்பதனை இரு கரைப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கணக்கிடல் வேண்டும். அளவறியாத களஞ்சியத்தைப் பங்கிடப் புகுதல் சண்டைக்கே வழிவகுக்கும். இரண்டாவது, இழுவை மடி கால எல்லையிட்டுப் படிப்படியாக ஒழிக்கப்படல் வேண்டும்; அதனால் வேலையிழக்கும் அக்கரைக் கூலியாளருக்கு மாற்றுத் தொழில் உறுதியாதல் வேண்டும். அவர் வயிற்றுக்கு வழியின்றேல் எந்த எல்லைக்கோடும் அவரைத் தடுக்கமாட்டாது. மூன்றாவது, எமது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பனிக்கட்டி, களஞ்சியம், கடன், விற்பனை ஆகியவற்றைத் தம் கையில் எடுத்து, மீனவரைக் கடன்பிணையினின்று விடுவித்தல் வேண்டும். நான்காவது, கரையோரத்திலே எந்த வலை, எந்த மாதம், எந்த இடம் என்னும் பழைய ஊர்வழக்குக்குச் சட்டத்தின் துணை கிடைத்தல் வேண்டும். பொதுவளத்தை அதனைப் பயன்படுத்துவோரே விதிவகுத்துக் காக்கவல்லர் என உலகின் பல ஊர்களை ஆராய்ந்து காட்டிய எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார், 2009ஆம் ஆண்டிலே பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். அவர் காட்டிய வழி எமது நெய்தல் நிலத்துக்குப் புதியதன்று.

இப்பணிகளுக்குக் கல்வி வேண்டும். எமது கல்லூரி போன்ற நிலையங்களிற் பயின்றோர் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் நியாயவாதிகளாகவும் உலகெங்கும் விளங்குகின்றனர். அவர்களுட் கடலை நோக்கித் திரும்பியோர் மிகச் சிலரே. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைச் சீர்செய்து கொடுத்தல், அறுந்த வலைக்கு நட்டஈடு கோரும் மனுவை எழுதிக் கொடுத்தல், ஒரு குளிர்ச்சாலைக்கு வரைபடம் ஆக்கிக் கொடுத்தல், விரிகுடாவின் மீனை எண்ணும் ஆராய்ச்சிக்கு ஒரு மாணவனை ஊக்குதல் ஆகிய இவை ஒவ்வொன்றும் சிறு பணியே. ஆயினும் கடலுக்கும் கல்விக்கும் இடையே எமது சமூகத்தில் நெடுங்காலமாக நிலவும் இடைவெளியைக் குறைக்க இவை பெரிதும் உதவும். முதல் முற்றாக அழியுமுன் வட்டியோடு நின்றுகொள்ளப் பழகும் கரையே பிழைக்கும். பாக்கு விரிகுடாவுக்கு அதற்குரிய காலம் இன்னும் கடந்துவிடவில்லை.